கை ஒத்துழைக்காத பிள்ளைக்கு யோசிக்க இடம் விடுவது எப்படி

வாயால் கேட்டால் பதில் மடமடவென்று வரும். அதையே எழுதச் சொன்னால் நாலு வரிக்குமேல் நகராது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருக்கும், டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க யாராவது வேண்டும், பந்து நெஞ்சில் பட்டு விழுந்த பிறகுதான் கை நீளும். "கவனமே இல்லை", "சோம்பேறித்தனம்", "மனசு வைத்தால் எழுதுவான்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மூன்றுமே தவறாக இருக்கலாம்.

5 முதல் 11 வயதுக்குள் நூற்றுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் இப்படியொரு சிக்கல் இருக்கிறது. 40 பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் கூடுதல். மருத்துவர்கள் டி.சி.டி. என்று எழுதுவார்கள், பரவலான பெயர் டிஸ்பிராக்ஸியா. தசையில் பலம் இருக்கும், பெரும்பாலும் அறிவும் வயதுக்கேற்ப இருக்கும். புது அசைவைக் கற்று, அதை யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற்றுவதில்தான் மூளை தடுமாறுகிறது.

மற்றப் பிள்ளைகளுக்கு எட்டு வயதில் 'ழ' தானாகக் கையில் வந்துவிடும். மனசு அடுத்த வாக்கியத்தில் இருக்கும். இவர்களுக்கோ ஒவ்வொரு 'ழ'வும் புதிதாகப் போடும் கோலம். எங்கே ஆரம்பிப்பது, எந்தப் பக்கம் வளைப்பது, எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தாக வேண்டும். ஒன்றை மனதில் பிடித்தபடி இன்னொன்றைச் செய்ய நமக்கு இருக்கும் இடம் சிறியது. 'வேலை நினைவு' என்பது அதைத்தான். அந்த இடத்தைக் கை பிடித்துக்கொண்டால், எழுத நினைத்த பதில் வெளியே தள்ளப்படுகிறது. இது போதாதென்று, திட்டமிடுவது, அவசரத்தை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாறுவது போன்ற திறன்களும் இவர்களில் பலருக்கு வயதுக்குச் சற்றுப் பின்தங்கியே இருக்கும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாடும் சேர்ந்து வரும்.

அதனால்தான் கையைப் பழக்கும் நேரம் வேறு, பாடத்தை யோசிக்கும் நேரம் வேறு என்று பிரிக்கச் சொல்கிறோம். இரண்டையும் ஒரே மேசையில் ஒரே நிமிடத்தில் கேட்டால் இரண்டும் கெடும்.

முதல் இரண்டு வாரம்: பார்த்து எழுதி வையுங்கள்

திருத்துவதற்கு முன் எது கையின் சிக்கல், எது யோசனையின் சிக்கல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே இரண்டு சின்னச் சோதனைகள் போதும். இவை நோயை உறுதிசெய்யாது; பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பதைக் காட்டும்.

தெரிந்த விஷயம் ஒன்றை, உதாரணமாக ஊர்த் திருவிழாவை, ஐந்து நிமிடம் வாயால் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த நாள் அதே போன்ற இன்னொரு விஷயத்தை ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். இரண்டிலும் எத்தனை தனித்தனிக் கருத்துகள் வந்தன என்று எண்ணுங்கள். வாயில் பன்னிரண்டும் எழுத்தில் மூன்றும் வந்தால் தடை கையில் இருக்கிறது. வாயிலும் மூன்றுதான், அதுவும் முன்பின்னாகக் குழம்பி வருகிறது என்றால் திட்டமிடவும் உதவி தேவை.

இரண்டாவது, தரையில் நாலு மீட்டருக்கு ஒரு கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். பிறகு நடந்துகொண்டே மிருகங்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளுமே கொஞ்சம் வேகம் குறைவார்கள். கோட்டைவிட்டுச் சரிவதும், பெயர் சொல்ல நின்றுவிடுவதும் திரும்பத் திரும்ப நடந்தால், நடப்பதற்கே யோசனை செலவாகிறது.

கூடவே ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன வேலை, எத்தனை நிமிடம், எந்த இடத்தில் தடுக்கியது, யார் உதவினார்கள் என்று எழுதுங்கள். வகுப்பாசிரியரிடமும் இதையே கேளுங்கள். 'எல்லாவற்றிலும் மெதுவு' என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. 'பெல்ட் மாட்ட 6 நிமிடம், கொக்கியில் நுழைக்கும் இடத்தில் நின்றுவிடுகிறான்' என்றால் புரியும்.

சிலவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியாமல் போவது, ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்வது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறுவது, கெண்டைக்கால் தடித்துக்கொண்டே வருவது, திடீரென நுனிக்காலில் நடக்க ஆரம்பிப்பது, காலையில் தலைவலியும் வாந்தியும், வலிப்பு. இவை டி.சி.டி.யின் குணம் அல்ல. உடனே குழந்தை நல மருத்துவரிடம் போங்கள்.

மற்றபடி ஐந்து வயதுக்குமுன் பொதுவாக டி.சி.டி. என்று பெயர் சூட்டமாட்டார்கள், ஏனென்றால் அந்த வயதில் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் அதிகம். பரிசோதனையில் முதலில் கண், காது, நரம்பு பார்க்கப்படும். பிறகு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்லது பிசியோதெரபிஸ்ட் எம்.ஏ.பி.சி.-2 போன்ற தரப்படுத்திய தேர்வை வைத்து, கைத்திறன், எறிந்து பிடித்தல், சமநிலை மூன்றையும் அளப்பார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் 18 வயது வரை பார்க்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியர் வழியாகவும் போகலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

எழுத்தின் சுமையைக் குறைப்பது

பத்துப் பக்கம் காப்பி எழுத வைப்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் வைத்தியம். அதுதான் அதிகம் கெடுப்பதும். மூன்றாம் பக்கத்தில் கை வலிக்கும், வலிக்கும் கை எழுத்தைக் கோணலாக்கும், கோணல் எழுத்தே பத்துப் பக்கமும் பழகிவிடும். தினம் பத்து நிமிடம் போதும். அதையும் வீட்டுப்பாடத்தோடு சேர்க்காதீர்கள்.

உட்காரும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும்; எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை வையுங்கள். மேசை முழங்கையைவிட இரண்டு விரல் உயரமாக இருந்தால் சரி. கால் தொங்கினால் உடம்பு விழாமல் பார்த்துக்கொள்ளவே பாதிக் கவனம் போய்விடும். மூன்று அங்குலத் தடிமன் உள்ள ஆபீஸ் பைலை முதுகுப்புறம் மேலே இருக்கும்படி படுக்க வைத்தால் நல்ல சாய்மேசை கிடைக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். வலக்கைக்காரருக்கு நோட்டின் தலை இடப்பக்கம் சாய வேண்டும், இடக்கைக்காரருக்கு எதிர்ப்பக்கம். பென்சில் பிடிக்கும் விதத்தைப் பற்றி அளவுக்குமேல் கவலைப்படுகிறார்கள். எழுத்து படிக்கும்படி இருந்து, கை வலிக்காமல், வேகமும் வந்தால் பிடி எப்படியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பலர் பென்சிலை அழுத்து அழுத்தென்று அழுத்துவார்கள். "அழுத்தாதே" என்று சொன்னால் எவ்வளவு அழுத்தம் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மூன்று தாள், இடையில் இரண்டு கார்பன் வையுங்கள். முதல் நாள் மூன்றாம் தாள்வரை விழும். இரண்டாம் தாளில் மட்டும் லேசாக விழும்படி எழுதுவதுதான் விளையாட்டு. கண்ணால் பார்த்துத் தானே சரிசெய்வார்கள்.

தமிழ் எழுத்தில் சுழி அதிகம். 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று. எண்ணிக்கை தவறினால் எழுத்துப்பிழை என்று சிவப்பு மை விழுகிறது. பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் இல்லை, கை ஒரு சுழி முன்னாலேயே நின்றுவிட்டது. 'கொ' எழுதுவதும் கடினம்: காதில் 'க்' முதலில் கேட்கும், கையோ கொம்பை முதலில் போட்டு, பிறகு 'க', பிறகு கால் போட வேண்டும். எழுதும் முன்பே வரிசையை மனதில் மாற்றி வைக்க வேண்டும். எனவே அகர வரிசையில் பழக்காமல் அசைவு வரிசையில் பழக்குங்கள். ட, ப, ம போன்ற நேர்கோடு அதிகமுள்ள எழுத்துகள் முதலில். க, ச, த அடுத்து. சுழி உள்ள ன, ண, வ, ல பிறகு. கொம்பும் காலும் சேரும் எழுத்துகள் கடைசியில்தான். ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்துக் குடும்பம் போதும். ஒவ்வொரு வரியிலும் எழுதியதில் எது நன்றாக வந்தது என்று பிள்ளையே வட்டமிடட்டும். தவறைச் சுழிப்பதைவிட இது கண்ணைக் கூர்மையாக்கும்.

கணக்கில் இன்னொன்று நடக்கும். 347-உடன் 85-ஐக் கூட்டச் சொன்னால் 1197 என்று விடை வரும். பார்த்தவுடன் கூட்டல் தெரியவில்லை என்று தோன்றும். நோட்டைப் பாருங்கள்: 85-ஐ இடப்பக்கம் தள்ளி 34-க்குக் கீழே எழுதியிருப்பார்கள். அது 850 ஆகிவிட்டது. 347-உம் 850-உம் 1197 தானே? கூட்டியதில் பிழையே இல்லை. ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று பழக்கினால் இந்தப் பிழைகளில் பெரும்பகுதி போய்விடும். ஸ்கேல் நழுவினால் அடியில் கொஞ்சம் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டுங்கள்.

ஒன்பது பத்து வயதிலிருந்து தட்டச்சையும் ஆரம்பிக்கலாம், தினம் பத்து நிமிடம். தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகை நல்லது. உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் பிரிந்திருப்பதால் இடம் நினைவில் நிற்கும். நீண்ட கட்டுரைக்கு, முதலில் போனில் குரலாகப் பேசிப் பதிந்து, பிறகு கேட்டுக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். யோசனை ஒரு தடவை, கை ஒரு தடவை.

ஷூ லேஸ் கட்டப் பழக்குதல்

கையைப் பழக்குவதற்கு யோசனையையே கருவியாக்கலாம். கனடாவில் ஹெலன் பொலாட்டாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் வளர்த்தெடுத்த கோ-ஆப் முறையின் சாரம் இதுதான். பிள்ளை தானே மூன்று குறிக்கோள்களைத் தேர்ந்தெடுக்கும். வாரம் ஒன்றாகச் சுமார் பத்து அமர்வுகள். ஒவ்வொன்றிலும் நாலு கேள்வி. என்ன செய்யணும்? எப்படிச் செய்யலாம்? செய்து பார்த்தாயா? எப்படி வந்தது? ஏழு வயதுக்கு மேல், பேசிப் புரியவைக்கக்கூடிய பிள்ளைகளுக்குப் பொருந்தும். உருண்டைப் பந்தின்மேல் உட்கார வைப்பது, ஆடும் பலகையில் நிற்க வைப்பது மட்டும் செய்தால் பந்திலும் பலகையிலும்தான் தேர்ச்சி வரும். எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே பழக்க வேண்டும். கம்ப்யூட்டரில் நினைவாற்றல் வளர்க்கும் விளையாட்டுகளும் அப்படித்தான். விளையாட்டில் மதிப்பெண் ஏறும், பையை அடுக்குவதில் மாற்றம் இருக்காது.

வெள்ளையும் நீலமுமாக இரண்டு தட்டை லேஸ் வாங்கி, பாதிப் பாதியாக வெட்டி, ஒரு வெள்ளையையும் ஒரு நீலத்தையும் முடிச்சிட்டு அந்த முடிச்சு ஷூவின் விரல்பக்கம் வரும்படி கோர்த்துவிடுங்கள். இடக்கைக்கு ஒரு நிறம், வலக்கைக்கு ஒரு நிறம். உருண்டை நைலான் லேஸ் வேண்டாம், வழுக்கும். முதல் வாரம் ஷூவை மேசைமேல், நுனி எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். காலில் போட்டால் தெரியும் அதே கோணம். குனிந்து சமநிலை பார்க்கும் வேலை மிச்சம். மேசையில் வந்த பிறகு, காலைச் சின்ன ஸ்டூலில் வைத்துக் கட்டலாம்.

கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொடுங்கள். முதல் நாள் எல்லாவற்றையும் நீங்கள் கட்டி, லேஸை மடித்துச் செய்த இரண்டு 'காது'களையும் இழுத்து இறுக்குவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். வேலை முடிந்த திருப்தி முதல் நாளே கிடைக்கும். பிறகு ஒரு காதை மற்றதன் கீழாக நுழைப்பது, அதற்கு முன் இரண்டு காதுகள் செய்வது, கடைசியாக முதல் முடிச்சு.

நின்றுபோவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதல் முடிச்சு தளர்ந்திருக்கும். காதைப் பெரிதாக்கியதால் அது சரிந்துவிடும். இரண்டாவது காதைச் செய்யப் போகும்போது முதல் காதை விரல் விட்டுவிடும். அப்போது விடையைச் சொல்லாதீர்கள், கையைப் பிடித்துச் செய்தும் காட்டாதீர்கள்.

"என்ன ஆச்சு கண்ணா?"

"அவுந்துடுச்சும்மா."

"எந்தக் கலர் அவுந்துச்சு?"

"வெள்ளை."

"நீலத்தைச் செய்யும்போது வெள்ளையை எந்த விரல் பிடிச்சிருந்துச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அந்த மௌனத்தைக் கெடுக்காதீர்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். "எதுவும் பிடிக்கலை" என்று தானே கண்டுபிடித்து, "கட்டைவிரலால அமுக்கிக்கிறேன்" என்று சொன்னால் அதுதான் திட்டம். பிள்ளையின் வார்த்தையிலேயே ஒரு சீட்டில் எழுதி ஷூ ஸ்டாண்டில் ஒட்டுங்கள். நீங்கள் சொல்லியிருந்தால் நாளைக்கு மறந்துபோகும். தானே கண்டது இன்னொரு இடத்திலும் உதவும். பாவாடை நாடா முடிச்சிடும்போது "கட்டைவிரல்" என்று முணுமுணுப்பதைக் கேட்கலாம்.

தினம் 15 நிமிடம், வாரம் ஐந்து நாள். காலையில் வேன் வரும் நேரத்தில் பழக்காதீர்கள். அந்த நேரத்தில் வெல்க்ரோ ஷூ போட்டு அனுப்புவதில் தப்பே இல்லை.

சைக்கிளும் விளையாட்டும்

பக்கச் சக்கரம் மாட்டினால் சாய்ந்து சமாளிக்கும் பழக்கமே வராது. மாறாக, இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை, கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். இரண்டு பாதமும் தட்டையாகத் தரையில் படும்வரை சீட்டை இறக்குங்கள். முதலில் உட்கார்ந்தபடி நடை, பிறகு தள்ளித் தள்ளி ஓட்டம், பிறகு இரண்டு காலையும் தூக்கி மிதப்பது. ஐந்தாறு மீட்டர் மிதக்க வந்த பிறகே பெடல். சமநிலை, பெடல், திருப்பல், பிரேக் நாலையும் முதல் நாளே கேட்பதால்தான் பலர் விழுந்து, சைக்கிளையே வெறுக்கிறார்கள்.

குழு விளையாட்டில் பந்தும் ஆட்களும் எந்நேரமும் மாறிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் தன் வேகத்தில் செய்யக்கூடிய நீச்சல், ஓட்டம், தனியாகச் சுற்றிப் பழகும் சிலம்பம் இவை நல்லவை. மழைநாளில் பல்லாங்குழி: குழிக்கு ஒரு சோழியாகப் போட்டுக்கொண்டே எண்ணவும் வேண்டும், எந்தக் குழியில் முடியும் என்று முன்பே பார்க்கவும் வேண்டும். மருந்தென்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பாட்டியோடு விளையாடட்டும்.

வகுப்பிலும் வீட்டிலும் நினைவுக்குத் துணை

"பையை வச்சிட்டு, கை கால் கழுவிட்டு, டைரியை எடுத்துட்டு வா" என்றால் டைரி வராது. ஒரு சமயத்தில் ஒன்று சொல்லுங்கள், அல்லது கதவில் மூன்று படம் ஒட்டுங்கள். நாளைய பையை இரவில் அடுக்குவது, அதுவும் கால அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு பாடமாக டிக் செய்து அடுக்குவது, திட்டமிடலுக்குத் தினசரிப் பயிற்சி. பாடத்துக்கொரு நிற அட்டை போட்டால் தேடும் வேலை குறையும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கொடுமையான வேலை. தலையைத் தூக்கி இரண்டு மூன்று எழுத்தைப் பிடித்து, குனிந்து, எழுதி, மீண்டும் தூக்கும்போது விட்ட இடம் தொலைந்திருக்கும். குறிப்பின் நகலைக் கையில் கொடுத்து முக்கியச் சொற்களை மட்டும் நிரப்பச் சொன்னால், பாடத்தைக் கேட்க மூளை மிச்சமிருக்கும். இம்போசிஷன் வேண்டாம். இடைவேளையைப் பிடித்துவைத்து எழுத வைப்பதும் வேண்டாம். ஓடியாடும் நேரம் இவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

பொதுத்தேர்வுக்கு முன்பே

வயது கூடினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்தத் தடுமாற்றம் வளர்ந்த பிறகும் தொடரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற வகையின் விளக்கத்தில் டிஸ்பிராக்ஸியாவின் பெயரே இருக்கிறது. பல பள்ளிகளில் இது தெரிவதில்லை. சட்டத்தின் அட்டவணைப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. தேர்வில் சொல்வதை எழுதுபவரையும், மூன்று மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக 60 நிமிடத்தையும் கேட்கலாம். மாநிலப் பாடத்திட்டத்திலும் சலுகைகள் உண்டு; தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனை, பரிசோதனை, கையெழுத்து என்று மாதங்கள் ஓடும், ஆகவே ஒன்பதாம் வகுப்பு ஆரம்பத்திலேயே தொடங்குங்கள்.

எழுதுபவர் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். பதிலைச் சொல்லி எழுதவைப்பதும் தனித்திறன்தான். எங்கே பத்தி பிரிப்பது, எந்தப் படத்துக்கு என்னென்ன பாகம் குறிப்பது, எழுதியவரைத் திரும்பப் படிக்கச் சொல்லித் திருத்துவது எல்லாம் பழக வேண்டும். முதலில் நாலு சொல்லில் குறிப்பு வரைந்துகொண்டு பிறகு வாய் திறக்கப் பழக்குங்கள். ஐந்து மாதிரித் தேர்வாவது பள்ளியிலேயே, முழு நேரமும், வீட்டு மனிதர் அல்லாத ஒருவர் எழுத, நடக்கட்டும்.